திரைக்கு நம்மைத் தெரியலாமா?

கிரானில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கொழும்புக்குப் போய்வந்த மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: "சேர், கடையில இருந்த விளம்பரத் திரை நான் கிட்டப் போனதும் தானா மாறிச்சு. நான் வந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

பெற்றோரும் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் என்பதால் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆள் வந்ததை அறியும் சென்சர்கள் பல வகை. மிக மலிவானது வெப்பத்தை உணர்வது. நமது உடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. சென்சருக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. நாம் நடக்கும்போது அவற்றில் விழும் வெப்பம் வேறுபடும். அந்த வேறுபாடே சமிக்ஞை. அசையாமல் நின்றால் அதற்கு நம்மைத் தெரியாது. தானாக எரியும் மின்குமிழ், நாம் சும்மா இருந்தால் அணைந்துவிடுவதும் இதனால்தான்.

இன்னொரு வகை, வௌவாலைப் போல மீயொலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. இவ்விரண்டுக்கும் நீங்கள் யாரென்று தெரியாது. யாரோ வந்திருக்கிறார் என்பது மட்டுமே தெரியும்.

மூன்றாவது வகை கமரா. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அது முகத்தைக் கண்டுபிடித்து வயதையும் பாலினத்தையும் ஊகிக்கக்கூடியது.

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். கெடிலக் ஃபெயார்வியூ நிறுவனம் தனது 12 வணிக வளாகங்களில், வழிகாட்டும் திரைகளுக்குள் கமராக்களை மறைத்து வைத்திருந்தது. வாசற்கதவில் ஒட்டிய அறிவித்தலே போதும் என்றது நிறுவனம். முறையான சம்மதம் பெறப்படவில்லை என 2020 ஒக்டோபரில் தனியுரிமை ஆணையாளர்கள் முடிவு கூறினர். சுமார் 50 இலட்சம் முகங்களின் எண் வடிவப் பதிவுகள் சேமிக்கப்பட்டிருந்ததும் அந்த விசாரணையில் தெரியவந்தது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் உயிரியல் தரவுகளை அது விசேட வகைத் தரவுகளாகக் கருதுகிறது. ஆனால், திரைக்குள் இருப்பது என்னவென்று தெரியாதவர் எந்தச் சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்பார்?

கடையோ, வங்கியோ, ஆஸ்பத்திரியோ, திரையில் கமரா இருந்தால் அதைத் தமிழிலும் சிங்களத்திலும், கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆள் வந்தால் திரையை ஒளிரவைப்பதுதான் நோக்கமென்றால், வெப்ப சென்சரே போதும். முகம் எதற்கு?

"இனி அந்தத் திரையைக் கண்டால், கமரா இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேள்" என்று மாணவனிடம் சொன்னேன். நாமும் கேட்போம்.