செடி முதலில், மீன் கடைசியில்

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை வண்ணமீன் கடைகள் பக்கம் வந்து பாருங்கள். கண்ணாடித் தொட்டி ஒரு கையில், மீன் போட்ட பிளாஸ்டிக் பை இன்னொரு கையில் என்று குடும்பம் குடும்பமாக ஆட்டோ ஏறுவார்கள். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி மீனையும் விட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்த மீன்களில் பல செத்து மிதக்கும். மீன் வளர்க்க நமக்கு ராசியில்லை என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு.

இதே பகுதியில் நான் நீர்ச்செடிக் கடை வைத்திருக்கிறேன். புதுத் தொட்டி வாங்குகிறவருக்கு அன்றைக்கே மீன் கொடுப்பதில்லை என்பது என் கடை வழக்கம். “பையன் ஆசையா வந்திருக்கான் அண்ணே, ரெண்டு கப்பியாவது குடுங்க” என்பார்கள். “இன்னைக்குச் செடிய எடுத்துட்டுப் போங்க தம்பி. நட்டு வெச்சு ஒரு மாசம் கழிச்சு வாங்க, நல்ல மீனா நானே பொறுக்கித் தர்றேன்” என்பேன். அந்த ஒரு மாதம் எதற்கு என்று புரிந்துவிட்டால், செடித் தொட்டி வைப்பதில் பாதி வேலை முடிந்தது.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வருகிறது. ஏரியில் அது கரைந்து போக எவ்வளவோ தண்ணீர் இருக்கிறது, வீட்டுத் தொட்டியில் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் உண்டு. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வேர்பிடித்து வளர்கிற செடியோ அம்மோனியாவை நேரடியாகவே உணவாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் செடி முதலில், மீன் கடைசியில்.

செடியும் மீனும் சேர்ந்தால் தொட்டி நிலைத்து நிற்கும் என்பதை லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இலேயே எழுதி வைத்தார். ஏறக்குறைய 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியதும் அதைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழ்ந்தன. அந்த வாலிஸ்னேரியா நம் ஊர் ஆறுகளிலும் கால்வாய்களிலும் நாடா போல நீண்டு வளர்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான்.

தொட்டியும் மண்ணும்

இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி தொடக்கத்துக்குப் போதும். ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும். தண்ணீர் அதிகம் இருந்தால் அதன் தன்மை சட்டென்று மாறாது. ஆகவே சின்ன கிண்ணத்தைவிட இதைப் பராமரிப்பது எளிது. தண்ணீர், மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால் ஆட்டம் இல்லாத மேசை வேண்டும். அடியில் தெர்மோகோல் அட்டை விரித்து வையுங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம். நேர் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும்.

அடியில் சலித்த தோட்டத்து மண்ணை ஓர் அங்குலம் பரப்புங்கள். உரமோ சாணமோ கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள கூழாங்கல்லை ஒன்றரை அங்குலம் பரப்பி மூடுங்கள். கிளிஞ்சல், பவளக்கல், சலவைக்கல் துண்டு ஆகியவற்றில் சுண்ணாம்பு இருக்கிறது. அவை கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். சந்தேகமான கல் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும்போது கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒருநாள் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் கலக்கலாம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பல பகுதிகளில் உப்பு கூடுதல். மிகவும் உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் சேருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அநேகமாக இருக்காது.

செடியைப் பார்த்து வாங்குங்கள்

மீன் தொட்டிக்கென்று விற்பதெல்லாம் நீர்ச்செடி அல்ல. லக்கி பாம்பூ, டிரசீனா போன்றவை நிலத்துச் செடிகள். முழுக்க மூழ்க வைத்தால் மெல்ல அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பாருங்கள். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் துணி மாதிரி தொங்கிவிடும். தண்ணீர் தாங்குகிற உடம்புக்குத் தண்டில் வலு தேவையில்லை. விறைத்து நிற்கிற செடி என்றால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அனுபியாஸ் போன்ற சில செடிகள் விறைப்பாக இருந்தாலும் தண்ணீருக்குள் நன்றாக வாழும்.

தொடக்கத்துக்கு நான் கொடுப்பது வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன். கூடவே ஒரு கட்டு நீர்ப்பிரம்மி. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடக்கும் அதே நீர்ப்பிரம்மி தண்ணீருக்குள்ளும் நிமிர்ந்து வளரும். முதல் நாளிலேயே நெருக்கமாக நடுங்கள். செடி குறைந்த தொட்டியில் மிஞ்சுகிற சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

நடும் முறையில்தான் பலருக்குத் தடுமாற்றம். கட்டைச் சுற்றியிருக்கும் ஈயத் தகடு, ரப்பர் பேண்டு, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாலிஸ்னேரியாவின் வேரை இரண்டு விரல் அளவுக்கு நறுக்குங்கள். நீளமான இடுக்கியால் வேரைப் பிடித்து, சாய்வாகக் கல்லுக்குள் ஆழமாக இறக்குங்கள். பிறகு இலையைப் பிடித்து, வேரும் இலையும் சேரும் வெள்ளைக் கழுத்து கல்லுக்கு மேலே தெரிகிற வரை மெதுவாக மேலே இழுங்கள். கழுத்து புதைந்தால் செடி அழுகும். ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் மண்ணே வேண்டாம். அவற்றின் கிடைத்தண்டைப் புதைக்காமல், பருத்தி நூலால் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டுங்கள். நூல் இற்றுப் போவதற்குள் வேர் பற்றிக்கொள்ளும்.

காத்திருக்கும் வாரங்கள்

எல்இடி விளக்கை டைமரில் போட்டு, முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு எட்டு மணி நேரத்துக்குக் கூட்டலாம், அதற்கு மேல் பாசிதான் வளரும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியா நுண்ணுயிர்களுக்கு உணவு.

இரண்டாம் வாரத்தில் பலர் போன் செய்வார்கள். “இலையெல்லாம் கரையுதுங்க” என்பார்கள். நர்சரியில் காற்றில் வளர்ந்த செடி, பழைய இலையை உதிர்த்துத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடுகிறது. கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே இப்படிச் செய்யும். பிடுங்காதீர்கள், அழுகிய இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் பழுப்பாகப் படிகிற பாசியும் புதுத் தொட்டியில் சகஜம்தான், துடைத்தால் போய்விடும்.

நாலு வாரம் கழித்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் மீனுக்குத் தொட்டி தயார். காட்டவில்லை என்றால் இன்னும் காத்திருங்கள். முதலில் நாலைந்து மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலைந்து. சென்னை போர் தண்ணீருக்குக் கப்பியும் பிளாட்டியும் பொருந்தும். வரிவரியான ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன், உறுதியானது. தங்கமீன் வேண்டாம். செடியைக் கடித்துப் பிடுங்கும், கழிவும் அதிகம். ஒருவேளைக்கு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு தீனி போதும்.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். நீங்கள் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த நுண்ணுயிர்கள் குளோரினில் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.

செடி பிடித்துவிட்டால் மாதம் ஒருமுறை கழிக்க வேண்டியிருக்கும். கழித்ததை ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். நம் நீர்நிலைகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, அழகுச்செடியாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீனும் அங்கிருந்து வந்தது. அது ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் வீட்டில் வைக்க முடியாமல் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. அந்த மீனை வாங்கவே வேண்டாம். கழித்த செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து மாடித் தோட்டத்துக்கு உரமாக்குங்கள். வளர்க்க முடியாத மீனைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.