பதிவேட்டைத் தேடிய சூனியக்காரி

சூனியக்காரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் ஓர் உருவம் வந்து நிற்கும். விரித்த தலை, வெறித்த கண், கையில் எலுமிச்சம்பழம், நள்ளிரவு, சுடுகாடு. ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்து வளரும் நம் பேரக்குழந்தைகளைக் கேட்டால் கூம்புத் தொப்பி, பறக்கும் துடைப்பம் என்பார்கள். ஆனால் "நான் சூனியக்காரிதான்" என்று தாமே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, கவிதையும் புத்தகமும் எழுதி, நகராட்சிக் குடியிருப்பில் ஒரு சிறிய ஃப்ளாட்டில் எளிமையாக வாழ்ந்து மறைந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி உண்டு. அவர் பெயர் டோரீன் வாலியன்டே. அவருடைய மந்திரங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரிடம் இருந்த ஒரு குணம் நம் வீடுகளுக்கும் வேண்டும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

டோரீன் 1922 ஜனவரி 4-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய மிச்சம் என்ற ஊரில் பிறந்தார். சாதாரணக் குடும்பம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டார். சிறுமியாக இருந்தபோதே, தாயாருக்கு வேலை செய்யும் இடத்தில் தொல்லை கொடுத்தவரைத் தடுக்க ஒரு பொம்மை செய்து மந்திரம் போட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. 1941-இல் கிரேக்க மாலுமி ஒருவரை மணந்தார். ஆறே மாதத்தில் அவர் கடலில் காணாமல் போனார். பத்தொன்பது வயதில் விதவை. 1944-இல் ஸ்பெயின் நாட்டவரான காசிமிரோ வாலியன்டேயை மறுமணம் செய்துகொண்டார். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் அவர் பணிபுரிந்தார் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் முடிவு.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டிப் பெண்களைத் தூக்கிலிட்ட தேசம் அது. 1682-இல்கூட பிடிஃபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த மூன்று பெண்களைத் தூக்கிலிட்டார்கள். 1735-ஆம் வருடச் சட்டம் இதை மாற்றியது. சூனியம் என்பதே இல்லை, இருப்பதாக நடித்து ஏமாற்றுவதுதான் குற்றம் என்றது அந்தச் சட்டம். அது 1951-இல் ரத்தாயிற்று. அதன் பிறகுதான் "எனக்கு இந்த வித்தை தெரியும்" என்று ஒருவர் பகிரங்கமாகச் சொல்ல வழி பிறந்தது.

அப்படித் துணிந்து சொன்னவர் ஜெரால்டு கார்ட்னர். இளவயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர். கிறிஸ்தவ சமயம் பரவுவதற்கு முன்பு ஐரோப்பாவில் இருந்த ஒரு பழைய மதம் இன்னும் ரகசியமாக உயிரோடு இருக்கிறது, அந்த வழிபாட்டுக் குழு ஒன்றில் 1939-இல் எனக்குத் தீட்சை கிடைத்தது என்றார் அவர். அந்த வழிக்கு இன்று விக்கா என்று பெயர். ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக இதையெல்லாம் அறிந்த டோரீன் கடிதம் எழுதினார். கார்ட்னரின் அறிமுகம் கிடைத்தது. 1953-இல் அவரிடமே தீட்சை பெற்றார்.

இங்கேதான் நமக்குச் சுவையான பகுதி ஆரம்பம். கார்ட்னர் தம் குழுவுக்கென்று ஒரு கையெழுத்துப் பிரதி வைத்திருந்தார். சடங்குகளும் மந்திரங்களும் அடங்கிய அதற்கு "நிழல்களின் புத்தகம்" என்று பெயர். வழிவழியாக வந்த பழைய ஏடு என்று அவர் சொன்னதை மற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். டோரீனோ ஏற்கெனவே நிறையப் படித்தவர். அதில் பல பகுதிகள் அலிஸ்டர் குரோலி என்ற மாந்திரீக எழுத்தாளரின் புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்து, குருவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். தமக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான் இருந்தது, இடைவெளியை வேறு இடங்களிலிருந்து எடுத்து நிரப்பினேன் என்று கார்ட்னர் ஒப்புக்கொண்டார். முடிந்தால் நீயே நன்றாக எழுது என்று பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டார். டோரீன் உட்கார்ந்து எழுதினார். தேவியே அடியவர்களிடம் பேசுவதாக அமைந்த அவருடைய எழுத்தை இன்று உலகெங்கும் விக்கா வழிபாட்டில் வாசிக்கிறார்கள். அதை ஆதிகாலத்து வாக்கு என்று நம்பி வாசிப்பவர்களும் பலர். "இது நான் எழுதித் தொகுத்தது" என்று டோரீன் தம் புத்தகத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

1957-இல் குருவுக்கும் சிஷ்யைக்கும் பிணக்கு வந்தது. கார்ட்னருக்குப் பத்திரிகை விளம்பரத்தில் ஆசை அதிகம். அதைக் கட்டுப்படுத்தக் குழுவினர் விதிகள் எழுதிக் கொடுத்தார்கள். அவரோ, இதற்கெல்லாம் ஏற்கெனவே புராதன விதிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலை நீட்டினார். தலைமைப் பூசாரிணி வயதானால் இளையவளுக்கு இடம் விட்டு மரியாதையாக ஒதுங்க வேண்டும் என்று ஒரு விதியும் அதில் இருந்தது! இத்தனை நாள் எங்கே இருந்தன இந்த விதிகள் என்று டோரீன் கேட்டார். பதில் திருப்தியாக இல்லை. அவரும் சிலரும் விலகிவிட்டார்கள். 1964-இல் ராபர்ட் காக்ரேன் என்ற இளைஞர் நடத்திய குழுவில் சேர்ந்தார். என் வித்தை பரம்பரையாக வந்தது என்றார் அந்த இளைஞர். அதுவும் பெரும்பாலும் கற்பனைதான் என்று உணர்ந்ததும் அங்கிருந்தும் வெளியேறினார்.

இவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில், குடியேறிகளுக்கு எதிரான நேஷனல் ஃப்ரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சியில் சில காலம் உறுப்பினராக இருந்திருக்கிறார். பெண்ணுரிமை போன்ற விஷயங்களில் அந்தக் கட்சியின் போக்கு பிடிக்காமல் விலகினார். பிறந்த மண்ணை விட்டு வேறு ஊரில் பிழைக்க வந்த நமக்கு அந்த அத்தியாயம் உவப்பாக இராது. ஆனாலும் ஒருவர் வாழ்க்கையை எழுதும்போது அதை மட்டும் மறைத்துவிட முடியாது.

இனி அம்பாலாவுக்கு வருவோம். டெல்லியிலிருந்து சண்டிகர் போகிற நம்மவர்கள் இறங்கி டீ குடிக்கும் அதே அம்பாலா கன்டோன்மென்ட்தான்!

கார்ட்னர் 1964-இல் இறந்துபோனார். தமக்கு வழிகாட்டிய குழுவின் தலைவி "ஓல்டு டாரதி" என்ற வசதியான பெண்மணி என்று அவர் சொல்லியிருந்தார். முழுப்பெயர் டாரதி கிளட்டர்பக். 1980-இல் ஜெஃப்ரி ரஸ்ஸல் என்ற அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், அப்படி ஒரு பெண் இருந்ததற்கே ஆதாரம் இல்லை என்கிற விதமாக எழுதினார். கார்ட்னரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் டோரீன். "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். பக்தியுள்ளவராக இருந்திருந்தால் "எங்கள் குரு பொய் சொல்ல மாட்டார்" என்று கோபப்பட்டிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. அந்த வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி தேடுதலைத் தொடங்கினார்.

ரயில்வேயில் பொறியாளனாக இருந்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியை நான் ரசித்துப் படித்தேன். ஒரு பாலத்தின் வயதை ஊர்க்காரரிடம் கேட்டால் "வெள்ளைக்காரன் கட்டியது சார், நூற்றைம்பது வருஷம் அசையாது" என்பார். பாலப் பதிவேட்டைப் புரட்டினால், தூண் மட்டும்தான் பழையது, கர்டர் நடுவில் மாற்றப்பட்டது என்று தெரியவரும். ஊர்க்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அதைப் பதிவேடு மட்டுமே பிரித்துக் காட்டும்.

டோரீனும் அதைத்தான் செய்தார். இணையம் இல்லாத காலம். கணினியும் அவரிடம் இல்லை. கடிதம் போட்டும், நூலகங்களில் பழைய பதிவேடுகளைப் புரட்டியும் தேடினார். டாரதி 1951-இல் ஹைக்ளிஃப் என்ற கடலோர ஊரில் இறந்ததற்கான சான்று கிடைத்தது. தந்தை இந்திய ராணுவ அதிகாரி என்று தெரிந்தது. ஆகவே பிறப்பை இந்தியாவில் தேட வேண்டும் என்று முடிவு செய்து, லண்டனில் பாதுகாக்கப்படும் பழைய இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குப் போனார். தாமஸ் கிளட்டர்பக் என்ற அந்த அதிகாரி 1877-இல் லாகூரில் திருமணம் செய்துகொண்ட பதிவு கிடைத்தது. அவர் மகள் டாரதி 1880-இல் பிறந்து, அம்பாலா செயின்ட் பால் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பதிவும் கிடைத்தது. அந்தத் தேவாலயம் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டு விழுந்து இடிந்து போயிற்று. ஆனால் பதிவின் நகல் லண்டனில் பத்திரமாக இருந்தது. டோரீனின் கண்டுபிடிப்பு 1984-இல் ஒரு நூலின் பின்னிணைப்பாக வெளிவந்தது. டாரதி கற்பனைப் பாத்திரம் அல்ல என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. ரொனால்டு ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999-இல் வெளியிட்ட நூலில் டாரதியின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். அவற்றில் தெரிவது தேவாலயத்துக்குப் போகிற, மரபில் ஊறிய ஒரு சீமாட்டிதான், சூனியக் குழுத் தலைவிக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஆக, டாரதி என்று ஒருவர் இருந்தார் என்பது உறுதி. அவர் கார்ட்னர் சொன்ன டாரதிதானா என்பது இன்றும் வழக்கில் இருக்கிற கேள்வி. தூண் பழையது, கர்டர் எப்போது வந்தது என்பதுதான் தகராறு!

டோரீன் எழுதிய நூல்களில் "நாளைக்கான சூனியம்" என்று பொருள்படும் 1978-ஆம் ஆண்டுப் புத்தகம் முக்கியமானது. குரு இல்லாமலே ஒருவர் தமக்குத் தாமே தீட்சை செய்துகொள்ளும் முறையை அதில் அச்சிட்டுவிட்டார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிஷ்யர்களை அலையவிடுகிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1999 செப்டம்பர் 1-ஆம் தேதி பிரைட்டன் நகரில் காலமானார். 2013 ஜூன் 21-இல் அவர் வசித்த டைசன் பிளேஸ் குடியிருப்பின் சுவரில், புகழ்பெற்றவர்களுக்கு வைக்கிற நீலநிறப் பலகையை வைத்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 13,000 பேர் தம் மதம் விக்கா என்று எழுதியிருக்கிறார்கள்.

தூக்குமரத்தில் தொடங்கி நினைவுப் பலகை வரை அந்த நாடு வந்துவிட்டது. நம் நாட்டில் அந்தச் சொல் இன்னும் ஆளைக் கொல்கிறது. ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி தேவியை 1995-இல் சூனியக்காரி என்று முத்திரை குத்திச் சித்திரவதை செய்து ஊரைவிட்டு விரட்டினார்கள். அவர் ஒடுங்கிவிடாமல், தம்மைப் போன்ற மற்றப் பெண்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பிஹாரில் 1999-இலும் ஜார்க்கண்டில் 2001-இலும் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் கொடுமை முற்றிலும் ஓயவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது, நிலத்தகராறு என்று காரணம் எதுவானாலும் தனியாக வாழும் ஒரு விதவையின் மேல் பழி விழுகிறது. ஆதாரம் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நகரங்களில் இப்போது டாரட் சீட்டு பார்ப்பது நாகரிகமாகிவிட்டது. பெண்ணுக்கு வரன் அமையவில்லை, பையனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றால், கிளி ஜோசியத்தைக் கேலி செய்கிற படித்த குடும்பங்கள்கூட அங்கே போகின்றன. எகிப்தியரின் ஆதி ரகசியம் என்று விளம்பரம் செய்கிறார்கள். டாரட் என்பது 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டாட்டம். எகிப்துக் கதையை 1781-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்டார். இன்று பரவலாகப் புழங்கும் 78 சீட்டுகளின் படங்களை 1909-இல் லண்டனில் வரைந்து கொடுத்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி.

மனம் கலங்கியிருக்கும்போது யாரிடமாவது போய் நாலு வார்த்தை கேட்டு ஆறுதல் அடைவதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போகிறோம், ஜாதகம் பார்க்கிறோம், அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் "பரம்பரை பரம்பரையாக வந்தது, கேள்வி கேட்கக் கூடாது" என்று ஒருவர் சொன்னால், அங்கே மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டோரீன் வாலியன்டே தம் சொந்த மதத்தை விட்டுவிடாமலே, தம் சொந்தக் குருவிடமே கேள்வி கேட்டார். பதிலைத் தேடி அம்பாலாப் பதிவேடு வரை போனார். தமக்குச் சாதகமோ பாதகமோ, கிடைத்ததை அப்படியே எழுதி வைத்தார். நம்பிக்கை வேறு, விசாரணை வேறு. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்த முடியும் என்பதற்கு அந்தப் பிரைட்டன் ஃப்ளாட் ஒரு சாட்சி.