இருண்டு போன இரண்டாம் திரை

"திரை செத்துப் போச்சு மிஸ். நான் ஒண்டும் செய்யேல்லை."

கிளிநொச்சியில் நான் சென்றுவரும் தையற் குழுவில் கணக்கு எழுதும் அக்கா தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது அவரது குரல் தழுதழுத்தது. 2009இல் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளையும் தையல் இயந்திரத்தை நம்பி வளர்த்தவர்.

குழுவிடமுள்ள மடிக்கணினிக்கு இரண்டு திரைகள். வழமையான திரைக்குக் கீழே, விசைப்பலகைக்கு மேலே, நீளமாக இன்னொரு திரை உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரின் அன்பளிப்பு. மேலே கணக்கு, கீழே அளவுப் பட்டியல் என்று அக்கா நன்றாகவே பழகியிருந்தார். கீழ்த் திரைதான் இருண்டு விட்டது. கடையில் காட்டியபோது திரையை மாற்றவேண்டும் என்றார்களாம். கேட்ட தொகை குழுவின் ஐந்து மாதச் சேமிப்பு. "உடைச்ச ஆள்தான் கட்டவேணும்" என்று குழுவிலேயே ஒரு பேச்சும் எழுந்துவிட்டது. அதுதான் அவரை அழவைத்தது.

நான் படித்தது சமூகவியல், கணினியல்ல. ஆனாலும் அலுவலகத்தில் இப்படிப்பட்ட தொல்லைகளைக் கண்டிருக்கிறேன். மறுநாள் போய் அக்காவின் பக்கத்தில் அமர்ந்தேன். விசைகளை அவரே அழுத்தவேண்டும் என்றேன்.

மேல் திரை வேலை செய்ததால், முதலில் கணக்குகளையும் உறுப்பினர்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் பென்டிரைவில் பிரதி எடுத்தோம். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் சகோதரிகளே, இதை மட்டும் மறவாதீர்கள்.

பிறகு டோர்ச் லைற்றை இருண்ட திரையில் சாய்வாகப் பிடித்தோம். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி பழுது என்று கொள்ளலாம். ஒன்றும் தெரியவில்லை. விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் ஒன்றாக அழுத்தினோம். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பது தெரிவாகியிருந்தால் மற்றத் திரை இருண்டே கிடக்கும். இங்கோ 'எக்ஸ்ரென்ட்' சரியாகவே இருந்தது. விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி (பந்தில் வரும் ஆங்கில எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினோம். திரையின் இயக்கியை அது புதிதாகத் தொடக்கும். 'பீப்' என்ற ஒலி வந்தது. வெளிச்சம் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தோம். (ஷட் டவுன் போதாது. விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்திருக்கும்.) அதுவும் பலிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது.

"கடைசியாக என்ன செய்தீங்கள் அக்கா?"

"தூசு துடைச்சனான். வேறொண்டுமில்லை."

"கணினியை நிற்பாட்டிவிட்டோ?"

அவர் பேசவில்லை. விசைப்பலகையின் ஓரத்தில் சிறிய திரைப் படம் போட்ட விசை ஒன்று இருந்தது. கீழ்த் திரையை மட்டும் அணைக்கவும் ஏற்றவும் உள்ள விசை அது. துணி பட்டு அமர்ந்திருக்க வேண்டும். அக்கா தயங்கித் தயங்கி அதை அழுத்தினார். அளவுப் பட்டியல் அப்படியே வந்து நின்றது.

எல்லோருக்கும் இப்படி எளிதில் முடியும் என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பின் இருண்டிருந்தால் திரையின் இயக்கியைப் பழைய பதிப்புக்கு மாற்றவேண்டி வரலாம். உள்ளே கேபிள் கழன்றிருந்தால் கடைதான் வழி. உத்தரவாதக் காலம் இருக்குமானால் விற்றவரிடமே கொடுங்கள்.

கடைக்கென்று சேர்த்த பணம் குழுவின் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதில் ஓவர்லொக் இயந்திரம் வாங்குவதா என்று இப்போது வாக்குவாதம். அக்கா வேண்டுமென்கிறார்.