ஆள் தேடும் பயிற்சியாளர்

அமெரிக்காவில் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. அங்கே பந்து முட்டை வடிவமானது. அதைக் காலால் உதைப்பது அருமை. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, ஒருவரையொருவர் மோதித் தள்ளி, நூறு கஜ நீளத் திடலில் அங்குலம் அங்குலமாக இடம் பிடிக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் விதிகளை விளக்குவது நம் வேலையில்லை. அதை ஆடும் பல்கலைக் கழகங்கள் தமக்கு வேண்டிய பையன்களை எப்படித் தேடிச் சேர்க்கின்றன, அந்தத் தேட்டத்தில் ஒரு பயிற்சியாளர் வல்லவர் என்று பெயர் எடுப்பது எதனால் என்பதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

நாமெல்லாம் நுழைவுத் தேர்வு எழுதி, தரவரிசைப் பட்டியலில் இடம் பிடித்து இங்கு வந்து சேர்ந்தவர்கள். எந்தப் பேராசிரியரும் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்" என்று கேட்டதில்லை. அமெரிக்காவில் நல்ல ஆட்டக்காரனுக்கு அதுதான் நடக்கிறது. தலைமைப் பயிற்சியாளரே விமானம் ஏறி வருகிறார், தாய் பரிமாறுவதைச் சாப்பிடுகிறார், தந்தையிடம் பேசுகிறார். படிப்புச் செலவு, உணவு, உறைவிடம் எல்லாம் பல்கலைக் கழகத்தின் பொறுப்பு என்று வாக்களிக்கிறார். அதே வீட்டுக்கு மறுநாள் வேறொரு பயிற்சியாளர் வருவார்.

கணக்கைப் பாருங்கள். முதல்தரப் பிரிவில் ஆடும் ஓர் அணி 2024ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் வரை 85 பேருக்குத்தான் முழு உதவித்தொகை தரலாம். 2025இல் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக் கழகங்களுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது. நான்கைந்து ஆண்டில் படிப்பை முடித்து ஒரு கூட்டம் வெளியேறிவிடும். ஆகவே ஆண்டுதோறும் இருபதுக்குக் குறையாமல் புதியவர் வேண்டும். அவர்களிலும் எல்லாரும் ஒரே வார்ப்பாக இருந்தால் பயனில்லை. முன்வரிசையில் நின்று மோதுபவனுக்கு நூற்று முப்பது கிலோ எடை வேண்டும். பந்தைப் பிடிக்க ஓடுபவனுக்கு மானின் கால் வேண்டும்.

இதில் முதல் இடர்ப்பாடு, தேர்ந்தெடுக்கப்படுபவனின் வயது பதினேழு என்பது. பதினேழு வயதில் முழு வளர்ச்சி பெற்றுவிட்டவன் பள்ளி ஆட்டங்களில் எல்லாரையும் தூக்கி எறிவான். இருபத்தொரு வயதிலும் அப்படியே இருப்பான். ஒல்லியாகத் திரிந்தவன் அதற்குள் ஆளே மாறியிருப்பான். இன்று பள்ளி ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. ஐந்து நட்சத்திரமே உச்சம். அந்தத் தரம் சராசரியில் பொய்ப்பதில்லை. ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி; தனியொருவனைப் பற்றி அது சொல்வது குறைவு. புள்ளியியல் வகுப்பில் நாம் படிப்பதும் இதுதானே! கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்த ஜாஷ் ஆலன் பள்ளியை முடித்தபோது பெரிய பல்கலைக் கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே, நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வயோமிங் பல்கலைக் கழகம் அவரை எடுத்துக்கொண்டது. 2018இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் ஏழாவதாக அழைக்கப்பட்டார். 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அனுபவமுள்ள பயிற்சியாளர் பையனின் கால்பந்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அவன் கூடைப்பந்து ஆடுவதையும் போய்ப் பார்க்கிறார். கனத்த உடம்பு சட்டென்று திரும்புகிறதா, பாதம் இலேசாக எழும்புகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பையனைக் கண்டுகொண்டால் மட்டும் போதாது. வீட்டாரின் மனத்தையும் வெல்ல வேண்டும். இதற்குப் புகழ்பெற்ற சான்று 1961இல் நடந்தது. பென்சில்வேனியாவின் ஆலைத் தொழிலாளர் ஊர் ஒன்றைச் சேர்ந்த ஜோ நேமத் பந்தெறிவதில் பெரும் திறமைசாலி. மேரிலண்ட் பல்கலைக் கழகத்துக்குப் போக எண்ணியிருந்தார்; நுழைவுத் தேர்வு மதிப்பெண் போதவில்லை. செய்தி அலபாமாவுக்கு எட்டியது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் பால் பிரையண்ட். அவர் தம் உதவியாளர் ஹவர்ட் ஷ்னெல்லன்பர்கரை உடனே அனுப்பினார். வந்தவர் சில நாள் அந்த ஊரிலேயே தங்கினார். பையனைவிட அவன் தாயிடமே மிகுதியாகப் பேசினார் என்கிறார்கள். முடிவில் அந்த அம்மையாரே மகனின் பெட்டியைக் கட்டி அவரோடு அனுப்பிவைத்தார். 1964இல் அலபாமா நாட்டின் முதலிடம் பெற்ற அணியில் நேமத் ஆடினார்.

எனினும் என் கருத்தில், நாவன்மையைவிடப் பெரிய திறமை ஒன்று உண்டு. மற்றவர்கள் பார்க்க மறுக்கும் இடத்தில் போய்ப் பார்ப்பதே அது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக் கழகத்தின் பயிற்சியாளர் டஃபி டாகர்ட்டியின் கதை இதை நன்கு காட்டும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக் கழகங்கள் தம் அணிகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அந்த மண்ணில்தான் கால்பந்து வெறி மிகுதி. கறுப்பினப் பள்ளிகளில் சிறந்த ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அந்தப் பள்ளிகளின் பயிற்சியாளர்களுக்கு வெள்ளையர் நடத்திய பயிற்சி முகாம்களில் இடமில்லை. டாகர்ட்டி அவர்களுக்கென்று முகாம்கள் நடத்தினார். தமக்குத் தெரிந்த ஆட்ட நுணுக்கங்களைக் கற்றுக் கொடுத்தார். அவர்களோ தங்கள் பிள்ளைகளில் சிறந்தவர்களை அவரிடம் அனுப்பினார்கள். டெக்சஸ் மாநிலத்துப் போமாண்ட் நகரிலிருந்து ஆறடி ஏழங்குல உயரமுள்ள பப்பா ஸ்மித், 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் பனி கொட்டும் மிச்சிகனுக்கு வந்தார். அவர் தந்தையே பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர். "இந்தப் பையனையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அந்தத் தந்தை பரிந்துரைத்த மற்றொரு டெக்சஸ் இளைஞர் ஜீன் வாஷிங்டன். தென் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர் வந்தார். 1965, 1966 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து அந்த அணி தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில்தான். 1967இல் தொழில்முறை அணிகள் முதலில் அழைத்த எட்டுப் பேரில் நால்வர் மிச்சிகன் ஸ்டேட் மாணவர்கள். மேலே சொன்ன மூவரும் அந்த நால்வரில் அடக்கம்.

டாகர்ட்டியிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. பிறர் தாமே அடைத்துக்கொண்ட கதவின் வெளியே அவர் நின்றார், அவ்வளவுதான். அந்தக் கதவு திறந்ததும் அவருடைய வாய்ப்பும் சுருங்கிற்று. தென்மாநிலப் பல்கலைக் கழகங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின. 1972ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

அலபாமாவின் கதையும் இங்கேதான் வருகிறது. 1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழக அணி அலபாமாவுக்கு வந்து, கறுப்பின வீரர் சாம் கன்னிங்காமின் ஓட்டத்தால் 42க்கு 21 என்று வென்றது. அந்த ஒரு தோல்விதான் பிரையண்டின் கண்ணைத் திறந்தது என்று பலர் எழுதுவர். அது சரியன்று. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவருக்கு அதற்கு முன்பே அவர் உதவித்தொகை கொடுத்திருந்தார். ஆனாலும் அவர் காலந்தாழ்த்தினார் என்பதில் ஐயமில்லை. பின்னர் ஒரு நாள் தென் கலிபோர்னியாவின் பயிற்சியாளர், அலபாமாவிலேயே பிறந்த ஜான் மிச்சல் தம் அணிக்கு வரப்போவதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பிரையண்ட் மெல்ல எழுந்துபோய்த் தொலைபேசியில் தம் ஆட்களை முடுக்கினார். 1971இல் மிச்சல் அலபாமாவுக்கே ஆடினார். 1973இல் அங்கேயே உதவிப் பயிற்சியாளரும் ஆனார்.

நேமத்தை அழைத்து வந்த ஷ்னெல்லன்பர்கரும் பின்னாளில் இந்தப் பாடத்தை வேறு வகையில் பயன்படுத்தினார். 1979இல் அவர் மயாமிப் பல்கலைக் கழகத்துக்கு வந்தபோது அதன் அணி நலிந்து கிடந்தது. அவர் புளோரிடாவின் வரைபடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதற்குத் தெற்கே உள்ளதெல்லாம் "மயாமி மாநிலம்" என்றார். வாசலிலேயே கிடந்த திறமையை வெளியே போகவிடாமல் காப்பதே திட்டம். 1983ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் மயாமி 31க்கு 30 என்று நெப்ராஸ்காவை வென்று முதலிடம் பெற்றது.

ஆள் சேர்ப்பவன் என்றால் நம்மவர்க்குத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருவது இயல்பு. ஆசை காட்டி அழைத்துப் போய், போன பிறகு கைவிட்டவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். கால்பந்திலும் அந்த அச்சத்துக்கு இடமுண்டு. 1973 முதல் 2012 வரை உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முழங்கால் முறிந்த பையனுக்கு மறு ஆண்டு என்ன ஆகும் என்பது பயிற்சியாளரின் மனத்தைப் பொறுத்திருந்தது. கைவிடப்பட்டவன் ஊர் திரும்பினால் அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர் அதைக் கேட்பார். அடுத்த பையனை அங்கே அனுப்பமாட்டார். எனவே ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காக வரவேற்புப் பெறுபவர், முன்பு சொன்ன சொல்லைக் காத்தவராகவே பெரும்பாலும் இருப்பார்.

அண்மையில் இந்தத் தொழிலே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். 2025இல் ஒரு வழக்கின் தீர்வாக, பல்கலைக் கழகமே ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்க வழி பிறந்தது. படிப்பில் குறையில்லாதவன் வேறு பல்கலைக் கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற பழைய தடையும் போயிற்று. முன்பெல்லாம் ஒருவன் கையெழுத்திட்டுவிட்டால் பயிற்சியாளர் நிம்மதியாக அடுத்த ஊருக்குப் போகலாம். இன்று பருவம் முடிந்ததும் அவர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியிருப்பது தம் அணியில் ஏற்கெனவே இருக்கும் பையன்களோடுதான். ஈராண்டாக ஆட்ட வாய்ப்பின்றி ஓரத்தில் அமர்ந்திருப்பவனை வேறொருவர் எங்கிருந்தோ கவனித்துக்கொண்டிருப்பார்.