மூன்றாவது இருக்கையில் யார்?

விமானி அறையில் கேப்டனுக்கும் துணை விமானிக்கும் பின்னால் மடக்கி விரிக்கும் இருக்கை ஒன்று உண்டு. ஜம்ப் சீட் என்பார்கள். ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனிப்பதற்கான இடம் அது. பயணிகள் பகுதி நிரம்பிவிட்டால், வேலைக்கோ வீட்டுக்கோ போகவேண்டிய விமானிகளும் அதில் தொற்றிக்கொள்வதுண்டு. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் போட்டி நிறுவனத்தின் விமானிக்குக்கூட இடம் தருவார்கள். நாட்டு எல்லை தாண்டும் விமானங்களில் மட்டும் இந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது. சுருங்குவதுதான் சரி என்பேன். உஸ்மான் சாலையில் எந்த நகைக்கடையும், பக்கத்துக் கடை ஊழியர் என்பதற்காக ஒருவரைக் கல்லாவுக்குப் பின்னால் விடுவதில்லை. தொழில் ஒன்றானாலும், அவர் இன்று அங்கே வேலையில் இருக்கிறாரா என்பது இவர்களுக்குத் தெரியாது.

விஷயத்தின் முடிச்சே இதுதான். 1987 டிசம்பரில் கலிபோர்னியாவில் பி.எஸ்.ஏ. 1771 விமானம் விழுந்து 43 பேர் இறந்தனர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர், திருப்பித் தராத அடையாள அட்டையால் சோதனையைத் தவிர்த்துத் துப்பாக்கியோடு ஏறியிருந்தார். அட்டை அசல்தான், வேலைதான் போய்விட்டிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் கொண்டுவந்த ‘காஸ்’ என்ற கணினி ஏற்பாடு இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. விமானியின் படத்தையும், அவர் இப்போது பணியில் இருக்கிறாரா என்பதையும் கேட்டில் உள்ள ஊழியர் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். உலகம் முழுமைக்குமான இத்தகைய பொதுப் பட்டியல் இல்லை.

கூடுதலாக ஒரு விமானி இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தின் மூக்கு தானாகக் கீழ்நோக்கித் தள்ளப்பட்டபோது, சகோதர நிறுவனமான பாடிக் ஏரின் விமானி ஒருவர் ஜம்ப் சீட்டில் இருந்தார். மூவருமாகச் சமாளித்துத் தரையிறங்கினர். மறுநாள் அவர் இல்லை. அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். ஆனால் அவர் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவர், அறிந்த ஆள். மூன்றாவது ஆளின் பயனுக்குத்தான் இது சாட்சி, முன்பின் தெரியாதவரை அனுமதிப்பதற்கு அல்ல.

எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு வாதம் வரும்: சரிபார்த்த ஆளே ஆபத்தானால்? 2023 அக்டோபரில் ஹொரைசன் ஏர் விமானத்தின் ஜம்ப் சீட்டில் வந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானி, பறந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின்களை நிறுத்தும் கைப்பிடிகளை இழுக்க முயன்றார்; விமானிகள் தடுத்துவிட்டார்கள். மனத்தை எந்தப் பட்டியலும் காட்டாதுதான். அதற்காகப் பட்டியலே வேண்டாமென்றால், ஒரு ஆபத்தோடு இன்னொன்றையும் சேர்த்து வாங்குகிறோம்.

இந்தியாவுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் துபாய் - டெல்லி ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த ஒருவரைக் காக்பிட்டுக்குள் விட்ட கேப்டனின் உரிமத்தை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மூன்று மாதம் நிறுத்திவைத்தது. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். கண்டிப்பு சரி, ஆனால் தண்டனை தவறு நடந்த பிறகுதானே வருகிறது? 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கான மின்னணு உரிமம் அறிமுகமானது. உரிமம் செல்லுமா என்பதை அது சொல்லும். நேற்று ராஜினாமா செய்தாரா என்பதைச் சொல்லாது. அதை நிறுவனங்கள்தான் அன்றாடம் சொல்லவேண்டும். முதலில் இந்திய நிறுவனங்களுக்குள், பிறகு கொழும்பு, சிங்கப்பூர், துபாய் நிறுவனங்களோடு தனித்தனி ஒப்பந்தங்களாக இதைத் தொடங்கலாம். அதுவரை வேற்று நிறுவன விமானிக்குச் சலுகை டிக்கெட்டில் பயணிகள் பகுதியில் இடம் கொடுத்தால் போதும்.