வீடு தேடி வரும் புயற்செய்தி

கடலூர்த் துறைமுகத்திலே புயற்காலத்தில் கூண்டு ஏற்றுவதைப் பலரும் கேள்வியுற்றிருப்பர். முதல் எண் முதல் பதினோராம் எண் வரை இக்கூண்டுகள் உண்டு. பொதுவாக எண் உயர்ந்தால் அபாயமும் உயர்ந்துள்ளது என்பது பொருள். 1864ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று பாழாக்கியது. அதன் மறு ஆண்டிலேயே அத்துறைமுகத்திற்குப் புயலை முன்னறிவிக்கும் ஏற்பாடு தோன்றிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. ஆயினும் கூண்டு கடலோடிகளின் கண்ணுக்கே எட்டும். கடலைக் காணாத ஊரினர்க்கு அதனால் யாது பயன்?

விருத்தாசலத்திற்குத் தெற்கே, வெள்ளாற்றை அடுத்துள்ள கருவேப்பிலங்குறிச்சி அத்தகைய ஊர். கடற்கரை இதற்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. 'புயல் கடற்கரையாருக்கு உரியது' என்று இங்குள்ளோர் எண்ணினால் அது வியப்பன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. அதன் காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான விரைவுடன் வீசியது. மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. தமிழகத்திலும் புதுவையிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிற்றூர்கள் பல, மின்சாரமின்றிப் பல நாள் இருளில் கிடந்தன.

எச்சரிக்கை மரத்தைக் காவாது. மனிதனையும் மாட்டையும் காக்கும். வெயிலில் உலரும் பச்சைப் பாண்டங்களை உள்ளே எடுத்து வைக்க விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு நேரமும் தரும். அவ்வெச்சரிக்கையை இல்லத்திற்கே கொணர்வது வானொலி.

வானிலைத் துறை புயலைக் குறித்து நான்கு கட்டங்களில் அறிவிக்கும். முதலாவது, ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன்னர் வரும் கண்காணிப்புச் செய்தி. இரண்டாவது, 48 மணிக்கு முன்னர் வரும் விழிப்புச் செய்தி. மூன்றாவது, 24 மணிக்கு முன்னர் வரும் எச்சரிக்கை. இவை பெரிதும் கரையோரத்தை நோக்கியவை. நான்காவதே நம் ஊருக்கு இன்றியமையாதது. புயல் கரையைத் தொடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரமேனும் முன்னதாக வரும் இச்செய்தி, கரை கடந்தபின் புயல் எத்திசையில் செல்லும், உள்மாவட்டங்களில் காற்றும் மழையும் எவ்வாறிருக்கும் என்பவற்றைக் கூறும். பலர் முதல் மூன்றையும் செவி சாய்த்துக் கேட்டுவிட்டு, 'புயல் கரையைக் கடந்தது' என்றவுடன் பெட்டியை நிறுத்திவிடுகின்றனர்!

நிலத்தின்மேல் சென்ற புயல் வலுவிழக்கும். ஆனால் அது சுமந்து வந்த நீர் எங்கே போகும்? மேற்கே உள்ள மலைகளில் மழையாய்ப் பொழியும். வெள்ளாற்றுக்கு நீர் தரும் வசிட்ட நதி சேலம் மாவட்டத்திலிருந்து வருகிறது. மணிமுத்தாறு கல்வராயன் மலையிலே பிறக்கிறது. அங்கே பெய்த மழை ஆற்றுவழியே இறங்கி நம்மை அடையச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் நம் வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கலாம். தெளிந்த வானத்தை நம்பி ஆற்றில் இறங்குபவனுக்கு மேற்கு மாவட்டங்களின் மழைச்செய்தியே உண்மையான எச்சரிக்கையாகும்.

பழைய வால்வு வானொலிகளுக்கு மின்சாரமோ கனத்த மின்கலமோ வேண்டியிருந்தது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் அக்குறையை நீக்கியது. கைவிளக்கில் இடும் சிறு மின்கலங்களே இன்று போதும். கைப்பேசியிலும் எச்சரிக்கை வருகிறது. எனினும் அதற்குரிய கோபுரமே மின்சாரமின்றி ஓய்ந்தால் அது வாளாவிருக்கும். தொலைவிலுள்ள நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்போ அப்போதும் வந்துகொண்டிருக்கும். மின்னல்தோறும் அதில் 'கரகர' என்னும் ஒலி எழுவது பெட்டியின் பழுதன்று. அதுவும் ஒருவகை வானிலைச் செய்தியே.

அமெரிக்க நாட்டில் இதற்கெனவே தனி வானொலிப் பெட்டி உண்டு. 162.40 முதல் 162.55 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைகளில் வானிலைச் செய்தி இரவும் பகலும் ஒலிபரப்பாகிறது. பெட்டி ஊமை போல் மேசைமேல் இருக்கும். தன் வட்டாரத்திற்குரிய குறியொலி வந்ததும் தானே கூவி உறங்குவோரை எழுப்பிவிடும். நம் இல்லங்களில் அத்தகைய பெட்டி வழக்கில் இல்லை, இது பெருங்குறையே. ஆதலின் புயல் இரவிலே வீட்டார் முறைவைத்து விழித்திருந்து செய்தி கேட்க வேண்டியுள்ளது. கேட்டவர், செய்தி வந்த மணியையும் ஒரு தாளில் குறித்து வைத்தல் வேண்டும். நேற்றைய செய்தியை இன்றையதென மயங்கிப் பரப்பும் வதந்தியை அக்குறிப்பு ஒன்றே அடக்கிவிடும்.