திசுவுக்குள்ளேயே இருக்கும் பயாட்டின்

கர்ப்பகாலத்தில் கருப்பை உட்சவ்வின் சில செல்களில் உட்கருவின் நடுப்பகுதி வெளிறி, கண்ணாடி மாதிரித் தெரியும். ஹெர்பிஸ் வைரஸ் புகுந்த செல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். சந்தேகம் தீர ஹெர்பிஸ் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தால் உட்கரு பழுப்பாகிறது. ஆக, வைரஸ்தான்?

இல்லை. அங்கே குவிந்திருந்தது பயாட்டின் என்கிற பி வைட்டமின். 1990களில் நோய்க்குறியியல் ஆய்விதழ்கள் இதை எச்சரிக்கையாகவே எழுதின. ஒரு கர்ப்பிணியிடம் இல்லாத தொற்றை இருக்கிறது என்று சொல்ல வைக்கக்கூடிய பழுப்பு அது.

இது எப்படி நடக்கிறது? தேடும் புரதத்தில் முதல் ஆன்டிபாடி ஒட்டும். அதன்மேல் பயாட்டின் கோத்த இரண்டாம் ஆன்டிபாடி. அந்தப் பயாட்டினைப் பிடிக்க அவிடின், அவிடினோடு சேர்ந்து பெராக்சிடேஸ் நொதி. கடைசியில் டிஏபி என்ற வேதிப்பொருளை ஊற்றினால் நொதி இருக்கும் இடமெல்லாம் பழுப்பு. 1981ல் சூவும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஏபிசி முறை இதுதான்.

அவிடின் என்பது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம். பச்சை வெள்ளைக்கருவை மட்டும் புரதமாகத் தின்ற எலிகளுக்கு முடி கொட்டி, தோல் புண்ணானதை 1927ல் மார்கரெட் போவாஸ் எழுதினார். எலிகளுக்குக் கிடைக்கவேண்டிய பயாட்டினை அவிடின் பிடித்து வைத்துக்கொண்டதுதான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவ்வளவு இறுக்கமான பிடி. ஒரு அவிடினுக்கு நான்கு கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பயாட்டின். இந்த நான்கு கைகளை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அவிடினுக்கு நாம் கோத்த பயாட்டினும் ஒன்றுதான், உடம்பின் சொந்தப் பயாட்டினும் ஒன்றுதான். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள பைருவேட் கார்பாக்சிலேஸ் போன்ற நொதிகள் பயாட்டினைச் சுமந்துகொண்டே வேலை செய்பவை. அதனால்தான் கல்லீரலும் சிறுநீரகமும் இந்த விஷயத்தில் பேர்போனவை. ஃபார்மலின் இந்தப் பயாட்டினில் ஓரளவை மறைத்து வைக்கும். ஆனால் ஆன்டிபாடி நன்றாக ஒட்டட்டும் என்று 1991க்குப் பிறகு திசுவைச் சூடாக்கும் வழக்கம் வந்தது இல்லையா, அது மறைந்திருந்த பயாட்டினையும் சேர்த்தே வெளியே கொண்டுவருகிறது.

தடுப்பது எளிது, வரிசைதான் முக்கியம். சூடாக்கி முடித்ததும், ஆன்டிபாடிகளுக்கு முன்னால், வெறும் அவிடினை 15 நிமிடம் ஊற்றி வைக்கவேண்டும். திசுவின் பயாட்டினை அது பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டு, வெறும் பயாட்டின் இன்னொரு 15 நிமிடம்.

மூடத்தானே அவிடின் போட்டோம், மறுபடி எதற்குப் பயாட்டின்? அந்த நான்கு கைகளுக்காக. திசுவைப் பிடித்த அவிடினுக்கு இன்னும் கைகள் காலியாக இருக்கும். அப்படியே விட்டால் பின்னால் வரும் பயாட்டின் கோத்த ஆன்டிபாடியை அவை பிடித்துக்கொள்ளும், பழுப்பு முன்பைவிட மோசமாகும். இரண்டாவதாக ஊற்றும் பயாட்டின் அந்தக் கைகளை நிரப்பிவிடுகிறது. பயாட்டினுக்கு ஒரே ஒரு பிடிதான், அது அடுத்த அவிடினை இழுக்காது. இதையே பயாட்டின் கோத்த ஆன்டிபாடி போட்ட பிறகு செய்தால் உண்மையான சிக்னலையே மூடிவிடுவோம்.

செலவைக் குறைக்க அவிடினுக்குப் பதில் நீர்த்த வெள்ளைக்கருவையே பயன்படுத்தியவர்களும் உண்டு. பாலிலும் பயாட்டின் உண்டு என்பதால், தடுப்பானாகப் பால் பவுடர் போடும் பழக்கமுள்ளவர்கள் அவிடின் கட்டத்தில் அதைக் கலக்காமல் இருப்பது நல்லது.

பழுப்புக்குக் காரணம் பயாட்டின்தானா என்று எப்படித் தெரியும்? சாஃப்ட்வேரில் பிழை தேடுவது போல ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரே திசுவின் அடுத்தடுத்த மூன்று சீவல்கள். ஒன்றில் டிஏபி மட்டும்: பழுத்தால் திசுவின் சொந்த பெராக்சிடேஸ், அதற்கு மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டாவதில் ஆன்டிபாடி எதுவும் இல்லாமல் அவிடின்-பெராக்சிடேஸும் டிஏபியும்: முதலாவது சுத்தமாக இருந்து இது மட்டும் பழுத்தால் பெரும்பாலும் பயாட்டின்தான். மூன்றாவதில் முதல் ஆன்டிபாடி மட்டும் கிடையாது: இங்கே மட்டும் பழுத்தால் இரண்டாம் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டுகிறது. பலரும் இந்த மூன்றாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பழுப்பு வந்தால் ஏதோ தப்பு என்பது தெரியும், எந்த அடுக்கில் என்பது தெரியாது.

இப்போது நொதியையும் ஆன்டிபாடியையும் ஒரு பாலிமர் சங்கிலியில் கோத்த, பயாட்டினே இல்லாத முறைகள் பரவலாகிவிட்டன. சூடாக்கிய கல்லீரல் திசு என்றால் அதுதான் என் தேர்வு. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் கல்லீரல் செல் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பழுத்த படத்தைப் பார்த்தால், முடிவுரைக்குப் போகும் முன் செய்முறைப் பகுதியில் பயாட்டினைத் தடுத்தார்களா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.